மைதானத்துக்கு ஒரு பெயர்க்கல்: தஞ்சாவூர்க் கல்வெட்டுப் பட்டறை பற்றிய மதிப்புரை

எங்கள் கல்லூரியின் ஓட்டப்பாதையை ஒட்டிய பார்வையாளர் மாடத்துக்கு, அங்கே பெண்களுக்கான தடகளப் பயிற்சியை முதன்முதலாகத் தொடங்கிய உடற்கல்வி இயக்குநர் அம்மையாரின் பெயரைச் சூட்டுவது என்று முன்னாள் மாணவர் சங்கம் முடிவு செய்தபோது, பெயர்க்கல் செய்விக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையோரம் இருக்கும் ஒரு சிறிய கல்வெட்டுப் பட்டறையில் அந்த வேலையைக் கொடுத்தோம். கல் மாடத்தின் சுவரில் ஏறி, ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கண்டுவிட்டது. இதே போன்ற ஏற்பாட்டில் இருக்கும் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பட்டறையை நடத்தும் பெரியவர் முதலில் விலை பேசவில்லை; நாங்கள் கொண்டுபோன வாசகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். திறந்து வைப்பவர், தலைமை ஏற்பவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் என எல்லோரும் அதில் இடம்பெற்றிருந்தார்கள். அம்மையாருக்கு அவருடைய பெயரும் பட்டங்களும் மட்டுமே இருந்தன. “அம்மா இந்த மைதானத்துல என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரி வேணாமா தம்பி? நாளைக்குப் படிக்க வர்ற புள்ளைக்கு இந்தப் பேரு யாருன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலில் இருந்துகொண்டு, விருந்தினர் பட்டியலைக் குறைக்கச் சொன்னது அவருக்கு நட்டம்தான். அவர் சொன்னபடியே விருந்தினர் பெயர்களை அடியில் ஒரு சிறு கல்லுக்கு மாற்றிவிட்டு, ‘பெண்கள் ஓடுவதற்கென இம்மைதானத்தில் காலை நேரத்தை ஒதுக்கச் செய்து, அவர்களைப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு முதன்முதலாக அழைத்துச் சென்றவர்’ என்ற வரியைப் பெரிய கல்லில் சேர்த்தோம். இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அந்த ஒரு கேள்வி.

நம் வட்டாரத்தில் தஞ்சாவூரின் விளையாட்டரங்கம் எம்.ஜி.ஆரின் தாயார் அன்னை சத்யாவின் பெயரையும், திருச்சியின் விளையாட்டரங்கம் அண்ணாவின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஊர்ப் பொது அரங்குகளுக்கு அது பொருந்தும். ஆனால் கல்லூரி மைதானம் என்பது அங்கேயே வெயிலில் நின்று விசில் ஊதியவர்களின் இடம். அவர்களை அங்கே நினைக்காவிட்டால் வேறெங்கும் நினைக்கப்போவதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 1904 முதல் 1947 வரை தடகளப் பயிற்சியாளராக இருந்த பில் ஹேவர்டின் பெயரை, அவர் பணியில் இருக்கும்போதே, 1919இல் மைதானத்துக்கு வைத்தார்கள். அரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டி 2020இல் முடித்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பழைய ஸ்டாக் மைதானம் நூலகக் கட்டடத்துக்கு இடம் கொடுத்து மறைந்தது. ஆயினும் 1892 முதல் அங்கே விளையாட்டை வளர்த்த ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பெயரைப் புது மைதானத்துக்கு எடுத்துச் சென்றார்கள். தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர் என்ற பணிக்கே வழிவகுத்தவர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக். அவர் பெயரை அறிந்த விளையாட்டு வீரர்களை நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை என்பது வருத்தம் தருகிறது.

பெயரோடு செயலையும் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலில், ராஜராஜன், கோயிலில் ஆடற்பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டுவித்து, ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் என்பதையும் பதிவு செய்திருக்கிறான். பட்டறைப் பெரியவர் வாசகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சுவரைத்தான் சுட்டினார்.

இனி வேலைத்தரம். வண்டல் நிலமான டெல்டாவில் கல் விளையாது. எல்லாம் வெளியிலிருந்து வருபவைதான். எங்களுக்குக் கறுப்பு கிரானைட்டைத் தேர்ந்தார்கள். மெருகேற்றிய கறுப்புப் பரப்பை வெட்டினால் உள்ளே வெளிர்சாம்பல் நிறம் தெரியும் என்பதால், பெயிண்ட் போனாலும் எழுத்து நிற்கும்; வெள்ளைப் பளிங்கில் பெயிண்ட் போனால் எழுத்தும் கண்ணுக்கு மறைந்துவிடும். கணினியில் வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, அழுத்தக் காற்றில் மணலை வீசி எழுத்தைக் குடையும் முறையும், உளியால் கையால் வெட்டும் முறையும் இங்கே இரண்டும் உண்டு. மணல் வீச்சில் வேலை விரைவாக முடியும், வரி நேராக இருக்கும். ஆனால் பள்ளம் ஆழமில்லாமல் போனால் சில மழைக்காலங்களில் மங்கும். அம்மையாரின் பெயரை உளியாலும் மற்ற வரிகளை மணலாலும் செய்யச் சொன்னோம். ‘ழ’கரத்தின் சுழியும் ‘ணை’யின் கொம்பும் கையால் வெட்டிய வரியில் எவ்வளவு அழகாக அமைந்திருக்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். எழுத்தின் உயரத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை: 10 அடி தொலைவிலிருந்து படிக்க 1 அங்குலம் வேண்டும் என்பது பெயர்ப்பலகைக்காரர்களின் பொதுக்கணக்கு, நாங்கள் கேட்ட கூடுதல் வரிகளை அந்தக் கணக்கைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அது சரியான மறுப்பு.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் கல் வரவில்லை. விழாவுக்கு முந்தைய மாலைதான் வந்து சேர்ந்தது, அதற்குள் எங்களுக்கு நெஞ்சு பதறிவிட்டது. சுவரில் பொருத்தும் வேலையைப் பட்டறை நேரடியாகச் செய்யாமல் வேறொருவரிடம் விடுகிறது. அவர் போட்ட ஆணிகள் சாதாரண இரும்பு என்பதால் மழைக்குப் பின் துருக்கறை கல்லில் வழிந்தது, நாங்கள் எவர்சில்வர் ஆணிகளுக்கு மாற்றினோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வாசகத்தைக் கல்லில் ஏற்றுமுன் தாளில் அச்சிட்டுக் கையொப்பம் கேட்பார்கள். ஆண்டுகளையும் முதலெழுத்துகளையும் குடும்பத்தார் ஒருவரும் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். தை, மாசி மாதங்களில் கல்லூரி ஆண்டு விழாக்களும் குடமுழுக்குகளும் சேர்ந்து வருவதால் பட்டறையில் நெரிசல் மிகுதி. ஆவணியிலேயே முன்பணம் கொடுத்துவிட்டால் பெரியவரே உளி பிடிக்க நேரம் கிடைக்கும்.