குழுவா பேக்கிங் பண்றதுனா கேக்கா, பிஸ்கட்டா, பன்னா? ராம்நாடு கடற்கரைக்கு எது செட் ஆகும்

தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம்னு நம்ம கடலோரத்துல எந்த மகளிர் குழுகிட்ட பேக்கிங் பேச்ச எடுத்தாலும் மொதல்ல வர்றது கேக்குதான். பயிற்சிலயும் பெரும்பாலும் அதத்தான் சொல்லிக்குடுக்குறாங்க, ஐசிங் பூ வச்ச கேக்கோட நின்னா போட்டோ நல்லாருக்கும்ல. ஆனா பத்து பன்னெண்டு பேரு சேந்து சம்பாதிக்கணும்னா கேக்க கடைசில வைங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

லாபம் கேக்குலதான் ஜாஸ்தி, அத மறுக்கல. பிரச்சன என்னன்னா ஐசிங் கை குழுவுல ஒருத்தருக்குத்தான் நல்லா வரும், மத்தவங்க டப்பா மடிச்சிட்டு உக்காந்திருக்கணும், அந்த ஒருத்தரும் கொஞ்ச நாள்ல "அக்கா, நான் வீட்லயே பண்ணிக்கிறேன்"னு கெளம்பிட்டா குழுவுக்கு மிச்சம் கேக்க சுத்துற டர்ன்டேபிளும் ஐசிங் பிழியுற நாலு நாசிலும்தான். மே மாச வெக்கைல விப்பிங் க்ரீம் நிக்காது, ஃப்ரிட்ஜ் வேணும், கரன்ட் போனா அதுவும் போச்சு. பாம்பன் பாலத்துக் காத்துல பைக்ல கேக்கு டப்பாவ புடிச்சிட்டுப் போறவங்களுக்குத் தனியா அவார்டே குடுக்கலாம். போதாக்குறைக்கு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையேறிட்டா ஒரு கிலோ ஆர்டரு அரைக்கிலோவாயிடும். கிறிஸ்மஸ் ப்ளம் கேக்கு மட்டும் விதிவிலக்கு, க்ரீம் கெடையாது, சீக்கிரம் கெடாது, பழம் நறுக்க ஊறவைக்க பேக் பண்ணனு எல்லாருக்கும் வேலை இருக்கு.

அடுத்தது பிஸ்கட். குதிரைவாலி, கருப்பட்டி ரெண்டும் நம்ம மாவட்டத்துலயே கெடைக்குது, பேரச் சொல்லியே விக்கலாம். சிறுதானியத்துல குளூட்டன் இல்லாததால பன்னு மாதிரி உப்பாது, ஆனா பிஸ்கட்டுக்கு அது தேவையும் இல்ல. கஷ்டம் கடல் காத்துலதான் இருக்கு, கருப்பட்டியே ஈரத்த இழுக்குற சரக்கு, மழை மாசத்துல தொறந்த டப்பால கெடந்தா சீக்கிரமே நமத்துரும். சூடா இருக்கும்போது கவர்ல போட்டா உள்ள வேர்க்கும், ஆறிடுச்சுனு அப்படியே தட்டுலயே விட்டா காத்துல உள்ள ஈரம் ஏறிரும், அதனால கை சூடு போன உடனே பேக் பண்ணிரணும், அதுவும் சாதா கவர்ல இல்ல, அலுமினிய லேயர் உள்ள பவுச்சு, சீலிங் மெஷின் எல்லாம் வேணும். முட்ட சேக்காம செஞ்சா சைவத்துக்கான பச்சைப் புள்ளி போட்டு ராமேஸ்வரம் வர்ற வடநாட்டு யாத்திரைக்காரங்ககிட்ட விக்கலாம், முட்ட சேத்துட்டா லேபிள்ல அசைவக் குறிதான் போடணும். கீழக்கரை பக்கம்னா பிஸ்கட்டுக்குப் போட்டியா தொதல் இருக்கு, தேங்காப்பாலும் வெல்லமும் போட்டு கிண்டுறது, ஓவனே வேணாம், கை வலிக்கும் அவ்ளோதான். வெளியூர் போறவங்களுக்கு வாங்கிக் குடுக்கணும்னா எனக்கென்னமோ தொதல்தான் முன்னாடி நிக்கும்னு தோணுது.

என் ஓட்டு பன்னு, பிரட்டு, ரஸ்க்குக்கு. ஒரு பன்னுல நிக்கிற காசு சில்லறைதான், ஆனா டீக்கடை தெனமும் தொறக்குது. ஒரு கிலோ மைதால தண்ணி, சக்கர, எண்ணெய் எல்லாம் சேந்து ஏறக்குறைய 1.7 கிலோ மாவு வரும், 50 கிராமா உருட்டுனா 33, 34 பன்னு. பெசைய ரெண்டு பேரு, உருட்ட நாலு பேரு, ஓவன்ல ஒருத்தரு, கடைக்குப் போட ரெண்டு பேருனு வேலை தானா பிரியும், ஒருத்தரு லீவு போட்டாலும் நின்னு போகாது. சுட்ட அன்னைக்கு வெளிய போகாம தங்குன பிரட்ட மறுநாள் வெட்டி ரெண்டாவது தடவ சுட்டா ரஸ்க், கடைலருந்து திரும்பி வந்தத மட்டும் அதுல சேக்காதீங்க. தண்ணில கவனமா இருக்கணும், நம்ம போர் தண்ணி உப்பு, அதுல பெசஞ்சா ஈஸ்ட் மெதுவா வேலை செய்யும், உப்பு ருசியும் ஏறும், நல்ல தண்ணிக்குக் காசு ஒதுக்கிருங்க. வெயில் நாள்ல அதே மாவு ரொம்ப சீக்கிரம் பொங்கிரும், ஈஸ்ட்டக் கொறச்சு ஐஸ் தண்ணி ஊத்தணும். விடிகாலைல எந்திரிக்கணும், அது முடியாத குழு இந்தப் பக்கமே வராதீங்க. நோன்பு மாசத்துல கீழக்கரை, தொண்டி பக்கம் பகல் டீ ஓட்டம் கொறையும், சுடுற நேரத்த மத்தியானத்துக்கு மாத்தணும்.

வரில முன்ன பெரிய வித்தியாசம் இருந்துச்சு, பிரட்டுக்கு ஜிஎஸ்டி இல்ல, கேக்கு பிஸ்கட்டுக்கு 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22லருந்து அது 5 ஆயிடுச்சு. சின்னக் குழு எப்படியும் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழதான் இருக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் மூணுக்குமே கட்டாயம்.

ஓவன்தான் பெரிய செலவு. கேக்குக்கு வீட்ல வைக்கிற சின்ன கரன்ட் ஓவன் (ஓடிஜி) போதும், பன்னுக்கு தட்டு தட்டா வச்சு சுடுற பெரிய டெக் ஓவன் வேணும், கேஸ்னா 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், வீட்டு சிலிண்டர மாட்டுனா சட்டப்படி தப்பு. சின்ன உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020ல கொண்டு வந்த பிஎம்எஃப்எம்இ திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் மானியம், குழு உறுப்பினர் ஒருத்தருக்கு 40,000 ரூபா வரைக்கும் ஆரம்ப மூலதனம். ஆனா மானியம் பேங்க் லோனோடதான் வரும், அதனால இப்ப விண்ணப்பம் எடுக்குறாங்களானு மகளிர் திட்ட ஆபீஸ்ல கேட்டுட்டு, லோனும் கையெழுத்தானதுக்கு அப்புறமா ஓவனுக்கு அட்வான்ஸ் குடுங்க.