கொள்ளுத்தாத்தாவைத் தேட: பிறப்பு இறப்புப் பதிவேடா, பழைய பத்திரமா?

பாபநாசம் வட்டத்தில் எங்கள் ஊர்க் குடும்பத்தின் வம்சாவளியை எழுத உட்கார்ந்தபோது கைக்கு எட்டியவை இரண்டு: பிறப்பு இறப்புப் பதிவேடு, பரணில் கிடந்த நிலப் பத்திரங்கள். நான் பத்திரத்தின் பக்கம்.

பதிவேட்டில் தேதி கச்சிதமாகக் கிடைக்கும், சரி. ஆனால் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் வைக்குமுன்பே, அந்தக் காலத்தில் பதிவேட்டை எழுதிய கிராம முன்சீப்பிடம் சொல்லிவிடுவார்கள்; அப்புறம் யார் போய்ச் சேர்ப்பது? தகப்பனார் பெயரை வைத்துப் பிடிக்கலாமென்றால், பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊர் நம்முடையது. நான்கு மகன்கள் இருந்தால் தெருவில் நான்கு ராமசாமி. 'ராமசாமி மகன்' என்றால் எந்த ராமசாமி?

பத்திரம் இதைத் தீர்த்துவிடும். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். சொத்து விவரத்தில் நான்கெல்லை: இன்னார் நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. அடுத்தடுத்த பத்திரங்களில் அதே எல்லை வந்தால், எந்த ராமசாமியின் வாரிசு எவர் என்பது பிடிபடும். பாகப்பிரிவினைப் பத்திரம் சிக்கினால் யோகம்தான்: அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களில் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) கட்டிக்கொடுத்த பெண்களும் கணவர் பெயரோடு வருவார்கள். குடும்பத்தார் சொல்லும் வம்சக் கதையில் முதலில் உதிர்ந்துபோவது இவர்கள் பெயர்தான்.

தொல்லையும் உண்டு. வெறும் 'பிரமாதி ௵' (௵ என்றால் வருஷம்) என்றிருந்தால், அறுபது வருஷத்துக்கொரு முறை அதே பெயர் வருமே, அது 1879-ஆ, 1939-ஆ? முத்திரைத்தாளில் இருப்பது விக்டோரியா ராணியா, ஆறாம் ஜார்ஜா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பத்திரம் தொலைந்திருந்தால், அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிலிருந்து பத்திர எண்ணைப் பிடித்து நகல் கேட்கலாம். 1975-க்குப் பிந்தைய வில்லங்கம் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது. முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

நிலமே இல்லாமல் பண்ணையில் உழைத்த குடும்பங்களுக்கு என் யோசனை உதவாது, அவர்களுக்குப் பதிவேடுதான். குத்தகைக்கு உழுதவர்கள் என்றால் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி எழுதிய பதிவையும் கேட்டுப் பார்க்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, அதில் ஞானப் பெற்றோர் பெயரும் வரும். நான் அதைப் புரட்டியதில்லை, அதனால் பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லத் துணியவில்லை.