கஸ்டமர் விவரங்களை கிளவுடுக்கு மாற்றப் போகிறீர்களா? கணக்கு யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

கோவையில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்று சர்வீஸும் செய்கிற சின்னக் கடை எங்களுடையது. கஸ்டமர் விவரங்களை கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் ஓடுகிற சாஃப்ட்வேருக்கு, மாற்றித் தருகிறோம் என்று வந்த ஓர் ஏஜென்சியால் ஒரு கோடைக்காலம் முழுக்க எங்கள் பிழைப்பு தடுமாறிப் போனது. 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் சர்வீஸ் விவரத்தைத் தாறுமாறாக ஏற்றினார்கள். அதைத் திருத்தலாம் என்று பார்த்தால், எங்கள் விவரம் எங்கள் கைக்கே எட்டவில்லை. இப்படிப்பட்டவர்கள் இப்போது கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். வக்கீல் சொன்னதால் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. இவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தாலே நீங்கள் உஷாராகிவிடலாம்.

எங்கள் தொழிலில் மெஷின் விற்பது ஒரு தடவைதான். வருஷா வருஷம் சோறு போடுவது ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். எந்த வீட்டில் எப்போது ஃபில்டர் மாற்றினோம், அடுத்து எப்போது போக வேண்டும், அந்த வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) எவ்வளவு என்ற விவரம்தான் எங்கள் முதல். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் டிடிஎஸ் ரொம்பக் குறைவு. போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற வீட்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 வரை ஏற்கலாம் என்கிறது. ஒரு வீட்டுக்குப் பொருந்துகிற மெம்பரேன் (உப்பைப் பிரிக்கிற சவ்வு) இன்னொரு வீட்டுக்குச் சரிப்படாது. அதனால் ஒவ்வொரு கஸ்டமர் பெயருக்குக் கீழேயும் டிடிஎஸ் அளவு, போரா குழாயா, தொட்டி மாடியிலா, வீட்டுக்கு அடையாளம் என்ன என்று எல்லாம் எழுதி வைத்திருப்போம்.

இத்தனையும் பல வருஷத்துக்கு முன் உள்ளூர் புரோகிராமர் ஒருவர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில் இருந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல். தமிழ்க் குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. வெளியில் போகிற பையன்கள் ஒவ்வொரு வீட்டு விவரத்துக்கும் கடைக்கு போன் போட வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஆக, கிளவுடுக்கு மாறுவது அவசியமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதுதான் என் கருத்து.

ஏஜென்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேறொரு கம்பெனியின் கிளவுட் சாஃப்ட்வேரை டேப்லெட்டில் அழகாக டெமோ காட்டினார்கள். "மேடம், டேட்டா மைக்ரேஷன் மொத்தமும் ஃப்ரீ. நீங்க பழைய ஃபைலை மட்டும் குடுங்க, ஒரே வாரத்துல லைவ் பண்ணிடலாம்" என்றார் அதில் மூத்தவர். கடையில் மொத்தமே ஐந்து பேர். கோட்டேஷனில் பத்து யூசருக்கு ஒரு வருஷக் கட்டணம் போட்டிருந்தார்கள். அதற்குக் குறைவாக எடுக்க முடியாது என்றார்கள். அது பொய் என்று அந்த சாஃப்ட்வேர் கம்பெனியிடம் நேரடியாகப் பேசியபோதுதான் தெரிந்தது. ஒரு யூசருக்குக்கூட எடுக்கலாம், மாதா மாதமும் கட்டலாம். ஏஜென்சிக்குக் கமிஷன் வருவது யூசர் எண்ணிக்கையை வைத்து. அமைத்துக் கொடுப்பதற்கு தனியாக ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

சொன்ன வாரத்திலேயே முடித்தும்விட்டார்கள். பழைய சாஃப்ட்வேரில் எத்தனை பெயர் இருந்ததோ, திரையில் அதே எண்ணிக்கை. அதைக் காட்டி, வேலை முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். விவரம் ஒழுங்காக வந்ததா என்பதற்கு எண்ணிக்கை ஒரு சாட்சியே இல்லை. இவர்கள் காட்டுவது எண்ணிக்கையை மட்டும்தான்.

முதலில் மாட்டியது தேதி. நாம் நாள், மாதம், வருஷம் என்று எழுதுகிறோம். அவர்கள் கணக்கை அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருகிற மாதிரி திறந்துவிட்டார்கள். 05/08 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5. சாஃப்ட்வேருக்கு அது மே 8. 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவற்றை மாதமாக எடுக்க முடியாதே, அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது. முதல் 12 நாட்களுக்குள் சர்வீஸ் ஆன வீடுகளுக்குத் தப்பான தேதி, மற்ற வீடுகளுக்குத் தேதியே இல்லை. மே 5, ஜூன் 6 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக வரும் சில தேதிகள் மட்டும் சரியாக இருந்தன. இவர்கள் எங்களுக்குத் திறந்து காட்டிய இரண்டு மூன்று பெயர்களில் ஒன்று அப்படிப்பட்டது.

அடுத்தது போன் நம்பர். எஸ்எம்எஸ் அனுப்ப வசதியாக நிறைய நம்பர்களை 91 சேர்த்து 12 இலக்கமாக வைத்திருந்தோம். ஃபைலை எக்செல்லில் திறந்தால், அவ்வளவு நீளமான எண்ணை அது சுருக்கி, 9.19 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டு 11 என்று முடிக்கும். அதை அப்படியே சிஎஸ்வி ஃபைலாக (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கிற வகை) சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். அந்த ஃபைலை வைத்துக்கொண்டு பிறகு யாராலும் மீட்க முடியாது. லேண்ட்லைன் நம்பர்களின் கதை இன்னும் மோசம். 0422-ல் இருக்கிற பூஜ்ஜியத்தை எக்செல் விழுங்கிவிட்டது. மீதி சரியாகப் பத்து இலக்கம் என்பதால் பார்ப்பதற்கு மொபைல் நம்பர் மாதிரியே இருந்தது. மெசேஜ் போனதாக நினைத்துக்கொண்டே இருந்தோம்.

தமிழ்க் குறிப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு இருக்கும் வரை தமிழாகத் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றியதால் 'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, பச்சை கேட்' என்று இருந்ததெல்லாம் வாசிக்க முடியாத குப்பையாகக் கிடந்தது. தமிழில் தொழில் செய்கிற ஊரில் கடை விரித்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிந்தது சர்வீஸ் வரலாறு போனதுக்குத்தான். பழைய சாஃப்ட்வேரில் கஸ்டமர் பட்டியல் ஓர் அட்டவணை, சர்வீஸ் வரலாறு இன்னோர் அட்டவணை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து வரிகள்கூட இருக்கும். இவர்கள் வீட்டுக்கு ஒரு வரி என்று கடைசியாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். ஒருநாள் எங்கள் பையன் கணபதி பகுதியில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டான். "அக்கா, இங்க போர் தண்ணியா குழாய்த் தண்ணியான்னே இதுல இல்ல. மெம்பரேன் மாத்தி எத்தனை வருஷமாச்சுன்னும் இல்ல. அந்தம்மா போன தடவை வந்தப்பவே மாத்துனீங்கன்னு சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?" எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த அம்மா எங்களிடம் முதல் முதலாக மெஷின் வாங்கியவர்களில் ஒருவர். ஒரே பாகத்துக்கு இரண்டு தடவை காசு கேட்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த வருஷம் ஏஎம்சியைப் புதுப்பிக்கவில்லை.

திருத்தித் தரச் சொன்னோம். "அது மைக்ரேஷன்ல வராது மேடம், டேட்டா கிளீனிங், அதுக்குத் தனி சார்ஜ்" என்றார்கள். சரி, நாமே டேட்டாவை இறக்கிச் சரிசெய்வோம் என்று பார்த்தால், எங்கள் ஐந்து பேரின் லாகின் எதிலும் எக்ஸ்போர்ட் பொத்தானே இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் கணக்கின் உரிமையாளராகப் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலிலிருந்து கோரிக்கை வந்தால்தான் எதையும் மாற்ற முடியும் என்றார்கள். அந்த மின்னஞ்சல் ஏஜென்சியுடையது. வீட்டுக்கு முழுப் பணத்தையும் நாம் கொடுத்து, பத்திரத்தை புரோக்கர் தன் பெயரில் எழுதிக்கொண்டது போலத்தான் இது. உரிமையை எங்களுக்கு மாற்றித் தரச் சொன்னபோது, பத்து யூசருக்கு அடுத்த வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுவோம் என்றார்கள்.

இதற்கு நடுவே எங்கள் கடையின் வாட்ஸ்அப் நம்பரையும் 'தானாக மெசேஜ் போகும்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் செய்த முறையில், போனில் இருந்த வாட்ஸ்அப் கணக்கை அழித்துவிட்டுத்தான் அந்த நம்பரை ஏபிஐயில் (சாஃப்ட்வேரிலிருந்து தானாக மெசேஜ் அனுப்புகிற இணைப்பு) பதிய முடிந்தது. கஸ்டமர்கள் அனுப்பிய லொகேஷன், மெஷின் போட்டோ, ஜிபே ரசீது எல்லாம் அந்தப் போனிலிருந்து போய்விட்டன. அழியும் என்று ஒருத்தர்கூட முன்னால் சொல்லவில்லை. பதிவும் அவர்களுடைய வணிகக் கணக்கின் கீழ், ஆறு இலக்கப் பின் நம்பரும் அவர்களிடம்.

வக்கீலிடம் போனோம். அவர் சொன்ன சில விஷயங்கள் உங்களுக்கும் பயன்படும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. சின்னக் கடைக்காரர்கள் அந்த வழியில் வாதாடிப் பார்க்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் 43-ஆம் பிரிவு இருக்கிறது. உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் நுழையவிடாமல் தடுப்பதும், அனுமதியில்லாமல் டேட்டாவை நகலெடுப்பதும் அதில் வரும். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுவை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அப்புறம், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கஸ்டமர் விவரத்தை வேறொருவர் கையில் கொடுத்து வேலை வாங்கினாலும் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு கடைக்காரருடையதுதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஏஜென்சி எங்கள் டேட்டாவை என்ன செய்தாலும் கஸ்டமருக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.

இதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. எங்கள் கஸ்டமர்கள் சிலருக்கு 'உங்க ஏஎம்சி முடியப் போகுது' என்று வேறு எங்கிருந்தோ அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட அழைப்புகள் எப்போதும் உண்டு. எங்கள் விவரம்தான் கைமாறியது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அதனால் அந்தப் பழியை ஏஜென்சி மேல் போட மாட்டேன். ஆனால் எங்கள் கஸ்டமர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. அழித்துவிட்டோம் என்று எழுதித் தரக் கேட்டும் இன்றுவரை தரவில்லை.

பழைய கம்ப்யூட்டரை "இனி தேவையில்லை மேடம், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று ஏஜென்சி ஆள் சொன்னபோது என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. எங்களைக் காப்பாற்றியது அந்தப் பிடிவாதம்தான். அந்த ஆக்சஸ் ஃபைலை எடுத்து, தெரிந்த பெண் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். எக்செல்லில் திறப்பதற்கு முன்பே போன் நம்பர் பத்தியை எழுத்தாக வகைப்படுத்தினார். தேதிகளை வருஷம், மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றினார். பாமினியை யூனிகோடாக்கினார். சர்வீஸ் வரலாற்றை கஸ்டமர் எண்ணோடு இணைத்துத் தனி ஃபைலாக ஏற்றினார். முதலில் இருபது வீடுகளை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாங்கள் கையால் எழுதி வைத்த ஜாப் கார்டுகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். பழைய கஸ்டமர், புதுக் கஸ்டமர், மாசக் கடைசியில் சர்வீஸ் ஆனவர், லேண்ட்லைன் உள்ளவர், தமிழில் குறிப்பு உள்ளவர் என்று பார்த்துப் பொறுக்கிய இருபது அது. எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் மீதியைத் தொட்டார். கணக்கு கடையின் மின்னஞ்சலில், கடையின் ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறது. பணம் நேராக சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறது. ஐந்து யூசர்தான். அந்தப் பெண்ணுக்கு வேலை முடியும்வரை ஒரு லாகின் கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிட்டோம். அவரே அப்படிச் செய்யச் சொன்னார்.

உங்களிடம் யாராவது இதே வேலைக்கு வந்தால் கணக்கின் உரிமையாளர் மின்னஞ்சல் யாருடையது என்பதை கோட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். டெமோ காட்டும்போதே உங்கள் லாகினில் எக்ஸ்போர்ட் அழுத்திப் பாருங்கள். பெயர் மட்டுமில்லாமல் குறிப்பு, வரலாறு, இணைத்த போட்டோக்கள் எல்லாம் இறங்குகின்றனவா என்று திறந்து பாருங்கள். எண்ணிக்கையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உங்கள் கார்டுகளோடு ஒப்பிட்ட பிறகு போடுங்கள். பணத்தில் பாதியை அதுவரை கையில் வையுங்கள். பழைய கம்ப்யூட்டரை ஒரு வருஷமாவது தொட விடாதீர்கள். வாட்ஸ்அப் நம்பரைக் கேட்டால், பழைய உரையாடல்களை முதலில் சேமித்துவிட்டு, உங்கள் சொந்த வணிகக் கணக்கின் கீழ்தான் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள்.

எங்கள் பணம் திரும்பி வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. அடுத்து 43-ஆம் பிரிவின் கீழ் மனு தயாராகிறது. கோட்டேஷன், கையெழுத்துத் தாள், அவர்கள் அனுப்பிய மெசேஜ்கள், திரைப் பிடிப்புகள் எல்லாம் தேதி வாரியாக ஃபைல் செய்து வைத்திருக்கிறோம். இதே அனுபவப்பட்ட கடைக்காரர்கள் கோவை, திருப்பூர் பக்கம் யாராவது இருந்தால், உங்கள் தாள்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேர்ந்து மனுப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.