சிலிண்டரில் எவ்வளவு மிச்சம்? கம்பியில்லா அளவு காட்டிகள் இரண்டை ஆறு மாதம் பாவித்த பின்

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. மேலதிகமாக இன்னொன்றை வாங்கி வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். சமையலறையை ஒட்டிப் பல்கனி இல்லாத வீட்டில், மூடிய அறைக்குள் இரண்டாவது சிலிண்டரை நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே காஸ் முடியப் போகிறது என்பது எங்களுக்கு இரண்டு நாளாவது முன்னதாகத் தெரிந்தாக வேண்டும். பகலில் வீட்டில் தனியே இருக்கும் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு நாள் நண்பகலில் நான் அலுவலகத்தில் இருந்தபோது தொலைபேசியில் அழைத்து, “தம்பி, அடுப்பு நூந்து போச்சு, சோறு அரைவேக்காட்டில கிடக்கு” என்றார். வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் நாட்கணக்கில் வரிசையில் வைத்திருந்த 2022ஆம் ஆண்டை மாடிவீட்டில் கழித்தவர்களுக்கு, அந்தக் குரலில் இருந்த பதற்றம் ஏன் என்று விளங்கும்.

அந்த நாளுக்குப் பிறகுதான் சிலிண்டரின் அளவைத் தொலைபேசிக்கு அனுப்பும் கருவிகளைப் பற்றித் தேடத் தொடங்கினேன். ஆறு மாதமாக இரண்டு வகைகளை ஒரே சிலிண்டரில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ரொறன்ரோவில் இருக்கும் அக்கா விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த மீயொலி உணரி. மற்றது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நானே வாங்கிய, சிலிண்டரின் கீழே வைக்கும் தராசு.

ரெகுலேட்டருடன் சேர்த்துப் பொருத்தும் சிறிய அமுக்கமானியை இந்தத் தேவைக்காக யாரும் வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அதன் மேலே நிற்கும் ஆவிதான் அடுப்புக்கு வருகிறது. அந்த ஆவியின் அமுக்கம் வெப்பநிலையையும் வாயுக் கலவையையும் பொறுத்தது. திரவம் பத்துக் கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கடைசித் துளித் திரவமும் ஆவியான பின்புதான் விழத் தொடங்கும், அதற்குள் சோறு அரைவேக்காட்டில் நின்றுவிடும். அளவை அறிய வேண்டுமானால் திரவத்தின் உயரத்தை அளக்க வேண்டும், அல்லது எடையை அளக்க வேண்டும். நான் வைத்திருக்கும் இரண்டு கருவிகளும் இந்த இரண்டு வழிகளில் ஒவ்வொன்றைப் பின்பற்றுகின்றன.

மீயொலி உணரி உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பொருள். காந்தத்தால் சிலிண்டரின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அது உருக்குத் தகட்டின் ஊடாக ஓர் ஒலித்துடிப்பை மேல்நோக்கி அனுப்ப, அத்துடிப்பு திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது; போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு திரவத்தின் உயரத்தைக் கணித்து, புளூடூத் வழியாகத் தொலைபேசிக்கு அனுப்புகிறது. உள்ளே இருப்பது நாணய வடிவப் பற்றரி ஒன்று. இந்த ஆறு மாதத்தில் அதை மாற்ற வேண்டி வரவில்லை. செய்நேர்த்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறப்பர் விளிம்பு வைத்து, ஈரம் புகாதபடி இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள்.

இருந்தும் அது எங்கள் வீட்டில் சரியான கணக்கைக் காட்டவில்லை. தராசின்படி சிலிண்டரில் 6.2 கிலோ, அதாவது சரிபாதி, இருந்த நாளில் உணரி 41 வீதம் என்றது. இன்னொரு நாள் மூன்றில் ஒரு பங்கு இருக்கையில் கால்வாசிக்கும் குறைவு என்றது. எப்போதும் குறைத்தே காட்டியதால், இது கருவியின் பழுதாக இருக்காது, வேறு காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. காரணம், சமையல் எரிவாயுவில் சேர்ந்திருக்கும் புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவையில் இருந்தது. கனடாவின் கடுங்குளிரில் பியூட்டேன் உதவாது. அது கொதிப்பது சுழியத்துக்குச் சற்றே கீழே, ஏறக்குறைய −0.5 பாகையில். புரோப்பேன் −42 பாகையிலேயே கொதிப்பதால் அங்கு சிலிண்டருக்குள் அடைப்பது பெரும்பாலும் புரோப்பேன்தான். கொழும்பின் வெக்கையில் பியூட்டேன் தாராளமாக ஆவியாகும் என்பதால் எங்கள் வீட்டுச் சிலிண்டர்களில் அதன் பங்கு அதிகம். ஒலி புரோப்பேன் திரவத்தை விடப் பியூட்டேன் திரவத்தில் வேகமாகச் செல்கிறது. துடிப்பு எதிர்பார்த்ததை விட விரைவில் திரும்பிவர, புரோப்பேனை மனதில் வைத்து எழுதப்பட்ட செயலி, திரவத்தின் உயரம் குறைவு என்று முடிவு செய்கிறது. இதற்கும் மேலே ஒன்று உண்டு. நாம் சமைக்கச் சமைக்கப் புரோப்பேன் முந்தி ஆவியாகிப் போவதால், சிலிண்டரின் கடைசிக் காலத்தில் எஞ்சும் திரவத்தில் பியூட்டேனின் பங்கு மேலும் கூடுகிறது. சரியான விவரம் மிகவும் தேவைப்படும் அந்தக் கடைசி நாட்களில்தான் உணரியின் பிழையும் வளர்கிறது. கலவையைத் தெரிவு செய்யும் வசதி உள்ள செயலியாக இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். எனக்குக் கிடைத்ததில் அது இல்லை. சிலிண்டர் வகைகளின் பட்டியலிலும் அங்கத்தைய 20 இறாத்தல், 30 இறாத்தல் வகைகளே இருக்கின்றன, எங்கள் 12.5 கிலோவுக்கு உயரத்தை நாமே அளந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் சிலிண்டரை மாற்றும்போது வருகிறது. வட அமெரிக்காவின் நாட்டுப்புற வீடுகளில் புரோப்பேன் தாங்கி வளவின் பின்புறத்தில் அசையாமல் கிடக்கும். பவுசர் வண்டி வந்து அதில் 80 வீதம் வரை நிரப்பிவிட்டுப் போகும். தாங்கிக்குள் இருக்கும் மிதவை ஒரு காந்தத்தைத் திருப்ப, வெளியே பூட்டிய உணரி அதைப் படித்து நிறுவனத்துக்கே தகவல் அனுப்பும் முறை அங்கு நெடுநாளாக இருக்கிறது. இந்தக் கருவிகள் பிறந்த சூழல் அதுதான். எங்கள் வீட்டிலோ ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒரு தடவை தாங்கியே மாறுகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு சிலிண்டரின் அடியும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் பல தடவை பூசிய வர்ணம் தடித்துக் கிடந்தது; இன்னொன்றில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. உணரிக்கும் உருக்குக்கும் இடையில் ஒரு மயிரிழை காற்று நின்றாலும் ஒலி ஊடுருவாது. நான் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் கொண்டு இலேசாகத் தேய்த்து, துடைத்து, சிலிக்கோன் கிறீசை ஒரு மிளகளவு தடவித்தான் ஒட்டினேன். அதற்காக நிறைந்த சிலிண்டரை ஒருவர் சரித்துப் பிடிக்க வேண்டும். இந்த வேலையை ரெகுலேட்டரைப் பூட்டும் முன்னரே செய்துவிட வேண்டும். அடுப்புடன் இணைத்த சிலிண்டரைச் சரித்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகக்கூடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. அம்மாவால் தனியே செய்யக்கூடிய காரியம் அல்ல இது. கடையிலிருந்து சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு இதற்கெல்லாம் நின்று உதவ நேரமும் இல்லை.

தராசின் கதை வேறு. அது ஒரு சிறிய சதுரப் பலகை. மேலே சிலிண்டரைத் தூக்கி வைத்தால் போதும். சிலிண்டரின் வெற்று எடையைச் செயலியில் ஒரு தடவை கொடுத்துவிட்டால், மொத்த எடையிலிருந்து அதைக் கழித்து மீதியைக் கிலோவில் காட்டுகிறது. கலவை எதுவாக இருந்தாலும் எடை எடைதான். துருவும் வர்ணமும் அதைப் பாதிப்பதில்லை.

வெற்று எடை சிலிண்டரின் கழுத்தைச் சுற்றிய வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொடுப்பதில்தான் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும் என்பதால், முந்தையதன் எண்ணை அப்படியே விட்டால் அரைக் கிலோ வரை பிழை வந்துவிடலாம். இரண்டாவது தடவை வந்த சிலிண்டரில் வர்ணம் மூடி இலக்கங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் தொலைபேசி வெளிச்சத்தைச் சரித்துச் சரித்துப் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு சிட்டிகை அரிசிமாவை எடுத்து அந்த இடத்தில் விரலால் தேய்த்தார். பள்ளங்களில் மா தங்கி, 13.4 என்பது வெள்ளை வெளேரென்று எழும்பி வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதையே செய்கிறோம். இன்னொரு பலனும் கிடைத்தது: புதிய சிலிண்டரை ஏற்றியவுடன் அதில் உண்மையில் 12.5 கிலோ இருக்கிறதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு வந்தவை நூறு கிராம் முன்பின்னாகச் சரியாகவே இருந்தன.

தராசுக்கும் குறைகள் உண்டு. தரை ஓடுகளின் இணைப்பில் அதன் ஒரு கால் இறங்கி நின்ற வாரத்தில் கணக்கு தாறுமாறாக இருந்தது. அடுப்புக்குப் போகும் குழாய் முறுகி சிலிண்டரை இழுத்தால் முந்நூறு கிராம் வரை கூடிக் குறைகிறது. குழாயைத் தளர்வாக வளைத்துவிட்டால் சரியாகிறது. ரெகுலேட்டரின் எடையையும் வெற்று எடையுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் எங்கும் எழுதவில்லை. கம்பியில்லாத் தொடர்பு பற்றியும் சொல்ல வேண்டும். இது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்குகிறது. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தந்ததால் முதல் நாள் இணைக்கவே முடியாமல் ஒரு மாலைப் பொழுது வீணானது. இணைந்த பின் கொங்கிரீற்றுச் சுவர் ஒன்றைக் கடந்து தடையின்றி வேலை செய்கிறது. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடுவதால் எனக்கு வரும் செய்தி நின்றுவிடும். தராசு தன் பற்றரியில் அளந்துகொண்டே இருக்கும். புளூடூத் உணரியிலோ, வீட்டில் தனியாக ஓர் இணைப்புப் பெட்டியை வாங்கி வைக்காவிட்டால், அலுவலகத்தில் இருந்தபடி எதையுமே பார்க்க முடியாது.

இரண்டையும் சரிபார்க்க எனக்கு உதவியது அம்மாவின் பழைய முறை ஒன்று. ஒடியல் கூழ் போன்று பெரிய பானையில் நெடுநேரம் கொதிக்க வேண்டிய சமையல் நடக்கும்போது, உள்ளே திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தைத் தன்னிலிருந்தே எடுத்துக் குளிர்கிறது. கொழும்பின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உருக்கில் பட்டு, திரவம் நிற்கும் உயரம் வரை சிலிண்டர் வியர்க்கும். மேலே உலர்ந்தும் கீழே நனைந்தும் இருக்கும் அந்தக் கோட்டை அம்மா விரலால் தொட்டுக் காட்டினார். அளவுநாடாவால் அளந்தேன். தராசு காட்டிய 4.1 கிலோவுடன் அது நன்றாகவே பொருந்தியது. உணரியின் கணக்கு அன்றும் கீழேதான் நின்றது. காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு இந்தக் கோடே போதும். ஆனால் குறைந்த தீயில் சிறு சமையல் செய்யும் நாளில் அது தோன்றாது, அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் வராது.

உணரியை நான் வீசிவிடவில்லை. கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் மச்சான் 37.5 கிலோ சிலிண்டர்களைப் பாவிக்கிறார். நிறைந்த நிலையில் அந்தப் பாரத்தை என்னுடைய தராசு தாங்காது. அங்கே உணரிக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கொத்து ரொட்டிக் கல்லுக்கு முழுத் தீயும் போய்க்கொண்டிருக்கும் மாலையில் திரவம் உள்ளே கொதித்துக் குமிழ்வதால் எண்கள் துள்ளுகின்றன. ஆகவே அவர் அதிகாலையில் அடுப்பு மூட்டும் முன்பு ஒரு தடவை பார்த்து, சுவர்க் கலண்டரில் எழுதிவிடுகிறார். சரியான வீதம் அவருக்குத் தேவையில்லை. நேற்றைக்கு இன்று எவ்வளவு இறங்கியது என்பதே போதும் என்கிறார், அதை உணரி ஒழுங்காகச் சொல்கிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீடுகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்து, கலவையின் வீதம் பற்றியே எல்லோரும் பேசிய நாட்களை மறந்திருக்க மாட்டோம். இந்த இரு கருவிகளும் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அல்ல. ஓர் இரவு தராசின் வரைபடத்தில் எண்பது கிராம் குறைந்திருந்தது. பயந்துபோய்ச் சவர்க்கார நுரையை இணைப்புகள் எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழும் எழவில்லை, காலையில் எடை பழைய இடத்துக்கே வந்திருந்தது. இரவு வெப்பநிலை இறங்கும்போது தராசு இவ்வளவு தடுமாறக்கூடும் என்றால், மெல்லிய கசிவை அதை நம்பி அறிய முடியாது. அதற்கென்று உள்ள எச்சரிக்கைக் கருவியைத் தனியே வாங்க வேண்டும். இந்த வாயு காற்றை விடப் பாரமானது என்பதால் அதைத் தரைக்கு அருகில் பூட்ட வேண்டும்.

தராசின் விலைக்கு இரண்டு தடவை சிலிண்டர் மாற்றிவிடலாம். வயதானவர்கள் பகலில் தனியே இருக்கும் வீட்டுக்கு அது தகும் என்பது என் எண்ணம்; இரண்டு சிலிண்டர்கள் வைத்திருக்க இடமுள்ள வீட்டுக்குத் தேவையில்லை. செயலியில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை; கணக்குத் திறக்காமல் உள்ளே போகவும் விடாது. அம்மா அதைத் திறப்பதே இல்லை. பலகையின் முன்விளிம்பில் எரியும் இலக்கத்தைக் குனிந்து பார்த்து, இரண்டுக்குக் கீழே வந்துவிட்டால் கடைக்குத் தானே அழைத்துவிடுகிறார். வாங்குபவர்கள் இலக்கம் காட்டும் முகப்பு உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். அதே கடையில் முகப்பு இல்லாத வகை ஒன்றும் சற்று மலிவாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.