கோபேரா, வெம்பன்யாமாவா? நம் ஊர் சென்டருக்கு எது ஒத்துவரும்

தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானமாகட்டும், கும்பகோணம், மன்னார்குடி பள்ளிகளின் சிமெண்ட் கூடைப்பந்து கோர்ட்டாகட்டும், ஆறடியைத் தாண்டிய பையன் கிடைத்தால் நேரே ரிம்முக்குக் கீழே, கூடையைக் காக்கும் சென்டராக நிறுத்திவிடுகிறோம். நின்ற பிறகு என்ன செய்வது என்பதை அவன் போனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். இப்போது அந்தப் போனில் ஓடுவது விக்டர் வெம்பன்யாமா. ஓட வேண்டியது ரூடி கோபேர் என்பது நம் கட்சி.

இருவரும் பிரான்ஸ்காரர்கள். கோபேர் 1992-ல் பிறந்தவர், உயரம் 7 அடி 1 அங்குலம். என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் 27-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர்தான் பிறகு 2018, 2019, 2021, 2024 என நான்கு முறை என்பிஏவின் சிறந்த டிஃபன்ஸ் வீரர் விருதை வாங்கினார். வெம்பன்யாமா 2004-ல் பிறந்தவர். 2023 டிராஃப்டில் சான் அன்டோனியோ அணி முதல் ஆளாக எடுத்தது. இரு கையையும் விரித்தால் 8 அடி. முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 3.6 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), 2024 பிப்ரவரியில் டொராண்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10. அந்த வருட விருதில் கோபேருக்கு அடுத்த இடம் இவருக்குத்தான்.

கோபேரைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும். பந்துக்காரன் ஸ்கிரீனை, அதாவது காவல்காரனை மறித்து நிற்கும் தன் கூட்டாளியை, சுற்றி வரும்போது அவர் மேலே ஏறி வர மாட்டார். ஒன்றிரண்டு எட்டு கீழே, இடுப்பைத் தாழ்த்தி நிற்பார். ஒரு கை பந்து இருக்கும் பக்கம் தாழ்வாக, தரையோடு வரும் பாஸை மறிக்க. இன்னொரு கை மேலே, ரோல் ஆகிறவனுக்கு, அதாவது ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடுகிறவனுக்கு, தூக்கிப் போடும் பாஸுக்காக. இரண்டு பேருமே அவர் கண் முன்னால் இருப்பார்கள். ஒருவனையும் முதுகுக்குப் பின்னால் விட மாட்டார். அப்படியே பின்னடி வைத்துக்கொண்டு வந்து, எதிராளி டிரிபிளை (பந்தைத் தட்டிக்கொண்டே வருவதை) நிறுத்திப் பந்தைக் கையில் எடுத்த பிறகுதான் குதிப்பார். குதிப்பதும் நேர் மேலே. கை கீழே வெட்டாது. மோதலை நெஞ்சில் வாங்கிக்கொள்வார், விசில் வராது. உள்ளே வந்து, இவரைப் பார்த்துவிட்டுப் பந்தை வெளியே திருப்பிக் கொடுக்கிறவர்களின் கணக்கு எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது. அங்கேதான் இவருடைய வேலை முடிந்திருக்கும்.

குறை உண்டு, பெரிய குறைதான். 2021 பிளேஆஃபில் எதிரணியான கிளிப்பர்ஸ் ஐந்து பேரையும் வெளியே பரப்பி நிறுத்தியது. கோபேர் பெயிண்டை (கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தை) விட்டு வர மனமில்லாமல் நிற்க, ஆறாவது ஆட்டத்தில் டெரன்ஸ் மேன் 7 மூன்று-புள்ளி ஷாட்டுடன் 39 புள்ளி எடுத்துவிட்டார். 2024 மேற்குப் பிரிவு இறுதியில் லூகா டான்சிச் கடைசி நொடிகளில் இவர் முகத்துக்கு எதிரேயே பின்வாங்கிப் போட்டு, ஆட்டம் 109-108 என டல்லாஸுக்குப் போனது. ஆனால் நம் பள்ளி ஆட்டங்களில் 6.75 மீட்டர் மூன்று-புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து தொடர்ந்து உள்ளே போடுகிறவன் அணிக்கு ஒருவன் இருந்தால் அதிகம். அவனுக்கு மட்டும் ஸ்கிரீன் மட்டம் வரை ஏறினால் போதும்.

வெம்பன்யாமாவின் ஆட்டம் கண்ணுக்கு விருந்து. ஆளைத் தன்னைத் தாண்டிப் போகவிட்டுப் பின்னாலிருந்து தட்டுவார்; பெயிண்டிலிருந்து இரண்டே எட்டில் மூலைக்குப் போய் ஷாட்டை மறிப்பார். ஒரு எட்டு பிந்தினாலும் அந்தக் கை அதைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆறடி இரண்டு அங்குலப் பையன் அதையே செய்தால் கை பந்தில் படாது, தோளில்தான் விழும். என்பிஏவில் 6 பவுல் ஆனால் வெளியே, நமக்கு 5. மூன்றாவது குவார்ட்டரிலேயே சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஹைலைட்ஸில் கடைசி அரை நொடிதான் காட்டுகிறார்கள், அதற்கு முன்னால் கால் என்ன செய்தது என்பது தெரியவே தெரியாது.

விதியும் கோபேர் பக்கம்தான். என்பிஏவில் யாரையும் காக்காமல் பெயிண்டில் சும்மா நிற்கும் டிஃபன்ஸ்காரருக்கு மூன்று விநாடிக் கணக்கு உண்டு. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் கிடையாது. போதாததற்கு, ஷாட் போட்ட பந்து ரிம்மைத் தொட்டுவிட்டால், ரிம்முக்கு நேர் மேலே இருந்தாலும் தட்டிவிடலாம்.

‘அதே ஃபிபா விதியில் நடந்த 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாக்-அவுட் வந்ததும் கோபேருக்கு ஆட்ட நேரமே சுருங்கிப்போனதே, இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 26 புள்ளி எடுத்தது வெம்பன்யாமாதானே’ என்று கேட்டால், நியாயமான கேள்வி. அது தூரத்திலிருந்து ஷாட் போடத் தெரிந்த நாடுகளுக்கு இடையே நடந்தது. மண்டலப் போட்டியைத் தாண்டி மாநில அளவுக்குப் போகும் பையன் பெயிண்டுக்கு வெளியேயும் காக்கப் பழகத்தான் வேண்டும்.

பழக்க ஒரு சாக்பீஸ் போதும். ஸ்கிரீன் வைக்கும் இடத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே ஒரு கோடு. பந்துக்காரன், ரோல் ஆகிறவன், சென்டர் என மூன்று பேர். பக்கத்துக்குப் பத்து முறை, சென்டர் குதிக்கவே கூடாது. பின்னடியும் கையும் மட்டும். கால் குறுக்கே பின்னினால் அந்த முறை கணக்கில் இல்லை. அடுத்த வாரம் குதிக்கவிடுங்கள், இரு கையும் நேர் மேலே, இரு காலிலும் இறங்க வேண்டும். சிமெண்ட் தரையில் ஒரு நாளைக்கு முப்பது குதிப்புக்கு மேல் வேண்டாம், முட்டி தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ரிம்முக்குக் கீழேதான் பாசி முதலில் பிடிக்கும். தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகே பின்னடிப் பயிற்சி.