கதைத்து இயக்கும் கணினி: ரைப்பிங் கடையில் டாலனும் பாமினியும்

என் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் வேலை செய்யும். 2009க்குப் பிறகு அப்படித்தான். முள்ளியவளையில் போட்டோக் கொப்பி, ரைப்பிங் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். எழுத்துகளைத் தட்டுவது பெரிய சிக்கல் இல்லை, இடது கை பழகிவிட்டது. கொன்ட்ரோல், ஷிப்ட், கூட ஓர் எழுத்து என்று மூன்றைச் சேர்த்து அழுத்துவதுதான் பாடு. ஷிப்டை ஐந்து தரம் தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ், அந்த விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தவிடும் வசதி, கொஞ்சம் உதவும். மிச்சத்துக்குக் குரலை நம்பத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன.

முதலில் விண்டோஸில் ஏற்கெனவே இருந்த குரல் அறிதலோடு தொடங்கினேன். அதற்கு மக்ரோ, அதாவது ஒரு சொல்லுக்குப் பல விசைகளை அழுத்திவிடும் கட்டளை, எழுதும் இணைப்பு ஒன்றை மைக்ரோசொப்ட் 2008இல் வெளியிட்டிருந்தது. ஒரு சின்ன வேலைக்கும் எக்ஸ்எம்எல் என்ற குறிகள் நிறைந்த கோப்பு எழுத வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. அந்தக் குரல் அறிதலையே கைவிடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த வொய்ஸ் அக்செஸ் விண்டோஸ் 11இல் மட்டும்தான். என் லப்டொப் விண்டோஸ் பத்திலேயே நிற்கிறது. அப்படித்தான் குரலால் கணினியை இயக்கும் டாலன் (Talon) என்ற செயலிக்கு வந்தேன்.

டாலன் இலவசம். முதல் தரம் இறக்கும்போதுதான் இணையம் வேண்டும், பிறகு சிக்னல் இல்லாத நாளிலும் ஓடும். எங்கள் பக்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மக்ரோ எழுதுவதும் சுகம்: சாதாரண எழுத்துக் கோப்பில் இடப்பக்கம் சொல்லவேண்டிய சொல், ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் அழுத்தவேண்டிய விசை. சேமித்த உடனேயே வேலை செய்யும். கோப்பின் தலையில் செயலியின் பெயரைக் குறித்துக் கீழே ஒரு சிறுகோடு போட்டால், அந்தக் கட்டளை அந்தச் செயலிக்குள் மட்டும் கேட்கும்.

கட்டளைச் சொல்லைத் தேர்வதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. 'பிரின்ட்' என்று மட்டும் வைத்தால், கடைக்கு வருகிறவர் "ஒரு பிரின்ட் எடுக்கலாமோ" என்று கேட்டாலே இயந்திரம் துடிக்கும். அதனால் அச்சிட 'பேப்பர் ரொக்கெட்' என்று வைத்திருக்கிறேன். கடைக்குள் எவரும் தற்செயலாகச் சொல்லாத இரட்டைச் சொல். ஒற்றைச் சொல்லைவிட இரட்டைச் சொல்லே பிழையில்லாமல் பிடிபடுகிறது.

எழுத்தெழுத்தாகச் சொல்ல டாலனில் தனிச் சொற்கள் உண்டு: ஏ என்றால் எயார், பி என்றால் பாட், சி என்றால் காப். இதிலே எங்கள் வாய்க்கு ஒரு வில்லங்கம். 'ஐ'க்குச் சிட், 'இசட்'டுக்கு ஸிப். வன்னிக்காரன் வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். எழுத்துப் பட்டியல் கோப்பில் ஸிப்பை அழித்து 'ஸீப்ரா' என்று மாற்றினேன், தொல்லை தீர்ந்தது. நீங்களும் உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். வெள்ளைக்காரன்போல் உச்சரிக்கப் பழகுவதைவிட அது லேசு.

இனிப் பாமினி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கேட்கப்படுகின்றன. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தெரிவதுதான் தமிழ். 'தமிழ்' என்று காட்ட ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். டாலனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இந்த எழுத்துகளை வரிசையாகக் கொட்டத் தெரியும். 'பிரதேச செயலாளர், பிரதேச செயலகம், கரைதுறைப்பற்று' என்ற விலாசம், 'மேற்படி விடயம் தொடர்பாக' என்ற தொடக்கம், கீழே 'இங்ஙனம்' எல்லாம் என்னிடம் ஆளுக்கொரு இரட்டைச் சொல்லில் இருக்கின்றன. ஒரு விண்ணப்பக் கடிதத்தில் பாதி வாயாலேயே விழுந்துவிடும்.

மீதிப் பாதியைத் தமிழிலேயே சொல்லி எழுதுவிக்க விரும்பினால் கூகுள் டொக்ஸ் இருக்கிறது. அதன் மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் தனியாகவே உண்டு. ஆனால் அது குரோம்போன்ற உலாவியில், இணையத்தோடு. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் தமிழில் சொன்னால் விழாது, பிறகு கையால் போடவேண்டும். வருவதும் யுனிகோட், பாமினி கேட்டால் மாற்றி எடுக்கவேண்டும். நீண்ட சத்தியக் கடதாசி ஏதும் வந்தால்தான் நான் அந்தப் பக்கம் போவது. அங்கே மைக்கைத் திறப்பது கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ். அதை ஒரு மக்ரோவாக்கி, அதன் அடுத்த வரியிலேயே டாலனைத் தூங்கவைக்கும் கட்டளையையும் சேர்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லும் தமிழை டாலன் தன் கட்டளையாக எடுத்து மெனு எல்லாம் திறக்கும். திரும்ப எழுப்பும்போது 'டாலன் வேக்' என்ற சொல் கடிதத்தின் கடைசியில் ஏதோ ஒரு தமிழாக விழுந்து கிடக்கும், அழித்துவிட வேண்டியதுதான்.

மைக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லப்டொப்பின் சொந்த மைக் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று றோட்டால் போனாலே செவிடாகிவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் சொல்லவே வேண்டாம். வாய்க்குக் கிட்ட நிற்கும் யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்கியபின் மழைக்கும் வேலை செய்கிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டும் நாட்களில் மட்டும் டாலனை மூடிவைக்கிறேன்.

ஆட்கள் பழக நேரம் எடுத்தது. "ஆரோட தம்பி கதைக்கிறாய்?" என்று கேட்காத ஆச்சி இல்லை. இப்போது சிலர் தாங்களாகவே மைக்குக்குக் கிட்ட வந்து பெயரைச் சொல்கிறார்கள். அவர்களின் பெயரை நான் இடது கையால்தான் தட்டுகிறேன். மக்ரோவால் வராத வேலை அது, ஊர்ப் பெயர்களும் அப்படியே.

எக்செல் ஒத்துவரவில்லை. கட்டத்துக்குக் கட்டம் போக 'கோ ரைட்', 'கோ டவுன்' என்று ஓதிக்கொண்டிருந்தால் தொண்டைதான் கட்டும். கணக்கு வேலைக்கு இடது கையும் நம்பர் பேட்டும் காணும்.