ஒரே மேற்கு ஜன்னலுக்கு மூன்று தடவை செலவு செய்த கதை: ஜீப்ரா பிளைண்ட்ஸ், காட்டன் கர்ட்டன், மூங்கில் தட்டி

மூன்று வருடத்தில் ஒரே ஜன்னலுக்கு மூன்று விதமான மறைப்பு வாங்கியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், புதுவீட்டுக்குக் கர்ட்டன் வாங்கக் கிளம்பும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, பெரிய படுக்கையறை ஜன்னல் நேர் மேற்கு. மதியம் இரண்டரைக்கு உள்ளே வரும் வெயில் அஸ்தமனம் வரை போகாது. கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால், இப்போதுதான் தோசைக்கல்லை இறக்கின அடுப்பு மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதே என்று கேட்கலாம். உச்சி வெயிலுக்குத்தான் அது குடை, நாலு மணி வெயில் சாய்ந்து அதன் அடியில் புகுந்து நேராகக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும்.

முதலில் வாங்கியது ஜீப்ரா பிளைண்ட்ஸ். கடை பெயர் வேண்டாம், தெருவுக்கு ஒன்று இருக்கிற மாதிரியான கடைதான். ஒரு பட்டை கெட்டித்துணி, ஒரு பட்டை வலைத்துணி என்று மாறி மாறி வரும், இரண்டு அடுக்காகத் தொங்கும், செயினை இழுத்தால் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று நகர்ந்து வெளிச்சம் கூடும் குறையும். ஷோரூமில் ஏசிக்கு நடுவே, பின்னால் டியூப்லைட் வைத்துக் காட்டும்போது அத்தனை அழகு. ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, சதுர அடி 160 ரூபாய் என்று சொல்லி, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. திருச்சியிலிருந்து வந்த அம்மா பார்த்த உடனே, "என்னடி இது, கோடு போட்ட நோட்டை விரிச்சு மாட்டின மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குக் கோபம் வந்தது.

அந்தப் பிளைண்ட்ஸில் பெரிய குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. என் ஜன்னலுக்கு அது பொருந்தவில்லை, அதுதான் விஷயம். எங்களுடையது பழைய மாதிரி ஜன்னல். உள்பக்கம் இரும்பு கிரில், வெளியே திறக்கும் மூன்று கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றையும் மூட வேண்டுமென்றால் கிரில் இடுக்கு வழியாகக் கையை விட்டு, கீழே இருக்கிற கொக்கியைக் கழற்றி, இழுத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். கர்ட்டன் என்றால் புறங்கையால் ஒதுக்கிவிட்டுக் கையை விடலாம். பிளைண்ட்ஸ் என்றால் முழுவதும் மேலே சுருட்டினால்தான் கை போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை இதைச் செய்து பாருங்கள், ஸ்டைல் எல்லாம் மறந்துபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்றைக்கு, வழக்கமாகக் கிழக்கிலிருந்து அடிக்கிற மழை மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து அடித்தது. மெத்தை நனைகிறது, நான் அவசரத்தில் செயினை வேகமாக இழுக்கிறேன், மணி மணியாக இருக்கிற அந்த பிளாஸ்டிக் செயின் கையோடு வந்துவிட்டது. பிளைண்ட்ஸ் பாதியில் கோணலாக நின்றது. அப்புறம் கடைக்குப் போன் செய்தால், வாரண்டி துணிக்கும் மோட்டார் மாடலுக்கும்தானாம், செயினுக்கு இல்லையாம், ஆள் வந்து பார்க்கவே 400 ரூபாயாம். பில்லைத் தேடி எடுத்துப் படித்தால் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சண்டை போடவும் வழியில்லை.

இன்னொன்று, மேலே துணி சுருண்டு உட்காருகிற அலுமினியப் பெட்டி இருக்கிறதே, அது பல்லிக்கென்றே செய்த பங்களா. செயின் மாற்றக் கழற்றின அன்றைக்கு உள்ளே சுண்டல் மாதிரி நாலு முட்டை இருந்தது. துணியைத் துவைக்கவும் முடியாது, ஈரத்துணியால் பட்டை பட்டையாகத் துடைக்க வேண்டும், மெயின் ரோட்டுப் புழுதிக்கு இரண்டு மாதத்தில் வலைப்பட்டை எல்லாம் சாம்பல் நிறம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவும். செயின் வளையமாகத் தொங்குகிறது, தவழுகிற குழந்தை அதில் தலையை விட்டால் கழுத்தை இறுக்கிவிடும். இப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் கடைகளில் ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸ் 2018 கடைசியிலிருந்து கயிறு இல்லாமலோ, கைக்கு எட்டாதபடியோதான் வரவேண்டும் என்று தரவிதியை மாற்றினார்கள். இங்கே செயினைச் சுவரோடு இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன கிளிப் கூடவே தருகிறார்கள், ஆனால் மாட்ட வந்த தம்பி அதைக் கவரோடு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தங்கை கைக்குழந்தையோடு வந்த அன்றைக்குத்தான் எனக்கே கண்ணில் பட்டது. கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கிற யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிற வீட்டுக்கும், ஏசி போட்டு எப்போதும் மூடியே வைத்திருக்கிற ஆபீஸ் அறைக்கும் ஜீப்ரா நன்றாகவே இருக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிற வீட்டில், பிளைண்ட்ஸ் ஜன்னல் சட்டத்தில் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், மதியத் தூக்கம் போச்சு.

இரண்டாவது, காட்டன் கர்ட்டன். இதில் முதல் முயற்சி ஆன்லைனில் ரெடிமேட். ரெடிமேட் கர்ட்டன் பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடி என்ற மூன்று உயரத்தில்தான் வருகிறது, ஜன்னலுக்கு 5, வாசலுக்கு 7, பெரிய வாசலுக்கு 9 என்று கணக்கு. என் ஜன்னல் உயரம் நாலரை அடி, ஐந்தடி போதும் என்றுதானே தோன்றும்? ராடை ஜன்னலுக்கு அரை அடி மேலே மாட்டினோம், அங்கேயே ஐந்தடி தீர்ந்துபோய், கர்ட்டன் சரியாக ஜன்னல் திண்டின் விளிம்பில் வந்து நின்றது, வளர்ந்த பையனுக்குப் போன வருஷத்து பேன்ட் மாதிரி. கீழே இன்னும் எட்டு அங்குலமாவது இறங்கினால்தான் பார்க்க லட்சணம், வெளிச்சமும் கசியாது. திருப்பி அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெரு டெய்லரிடம் போனேன். நான் ஜன்னல் அளவைச் சொல்ல ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "அக்கா, ஜன்னல் அளவு எனக்கு வேணாம். முதல்ல ராடை மாட்டுங்க, ராடுல இருந்து கீழ எவ்வளவு வேணுமோ அதை எடுத்துட்டு வாங்க." இந்த ஒரு வரிக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

கணக்கை அப்படியே தருகிறேன், உங்கள் ஜன்னலுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் அகலம் 4 அடி, ராடு இரண்டு பக்கமும் அரை அடி நீள வேண்டும், கர்ட்டனை ஒதுக்கும்போது கண்ணாடியை மறைக்காமல் சுவர்ப்பக்கம் போய் நிற்கத்தான் அது. ஆக ராடு 60 அங்குலம். கர்ட்டன் மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் துணி அகலம் ராடைப் போல் இரண்டு பங்காவது வேண்டும், 120 அங்குலம். 48 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) துணியில் இரண்டு பாகம் போட்டால் 96தான், மூடினால் பெட்ஷீட்டைக் காயப்போட்ட மாதிரி இருக்கும், அதனால் மூன்று பாகம். உயரம் 68 அங்குலம், மேலே கீழே மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 80, அதாவது ஒரு பாகத்துக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆறேகால் மீட்டர் வாங்கினேன். கைத்தறியாக இருக்கட்டும் என்று கோ-ஆப்டெக்ஸில் எடுத்தேன், 1935இல் தொடங்கின நெசவாளர் கூட்டுறவு, டிசைன் அதிகம் இருக்காது, துணி இருக்கும். வீட்டு உபயோகத் துணி என்றால் கரூர்தான், அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே அள்ளிக்கொண்டு வரலாம், ஏற்றுமதியில் மிஞ்சின துணி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தைக்கக் கொடுக்கும் முன்பு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். நான் ஹால் கர்ட்டனுக்குச் செய்யவில்லை, முதல் சலவையிலேயே இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. அப்புறம் மேலே போடுகிற ரிங், ஒரு பாகத்துக்கு எட்டு அல்லது பத்து என்று இரட்டைப்படையில் வர வேண்டும். ஒற்றைப்படையில் போட்டால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், இன்னொரு ஓரம் உங்களைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கும். டெய்லர் ஒரு பாகத்தில் ஒன்பது போட்டுவிட்டார், கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தார்.

ராடு மாட்டுவது தனிப் பஞ்சாயத்து. ஜன்னலுக்கு மேலே இருக்கிற லிண்டல், அதாவது சுவரைத் தாங்குகிற குறுக்குக் கட்டை, கான்கிரீட், சாதா டிரில் அங்கே வாலைச் சுருட்டிக்கொள்ளும், ஹேமர் டிரில் வைத்திருக்கிற ஆளாகக் கூப்பிடுங்கள். அஞ்சாறு அடிக்கு மேல் ராடு போனால் நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் தொட்டில் மாதிரி தொங்கும்.

பிளாக்அவுட் துணி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். என் தம்பிக்கு நைட் ஷிஃப்ட், அவன் அறைக்குப் போட்டோம், பகல் பதினொரு மணிக்கு அறை கும்மிருட்டு, அந்த விதத்தில் காசுக்கு மோசமில்லை. ஆனால் பின்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு பூசின ரகத்தை வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு விரிசல் விட்டு வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. பூச்சு இல்லாமல், நடுவில் கறுப்பு நூல் வைத்து நெருக்கமாக நெய்த ரகம் இருக்கிறது, அதுதான் துவைக்கத் தாங்கும். சல்லாத்துணி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது, சரி. ராத்திரி உள்ளே லைட் போட்டால் எதிர் ஃபிளாட்டுக்கு நீங்கள்தான் சினிமா. பின்னால் ஒரு கனத்த துணிக்கும் சேர்த்து டபுள் ராடாக மாட்டுங்கள். சமையலறைக்குத் துணியே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அடுப்புக்குப் பக்கத்தில் ஆபத்தும்கூட. கண்ணாடியில் பால்நிற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கர்ட்டன் அழகாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சூடு மட்டும் குறையவில்லை. யோசித்தால் புரிகிறது, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு துணியில் பட்டு என்ன பயன்? துணி சூடாகிறது, அந்தச் சூடு அறைக்குள்ளேயேதான் சுற்றுகிறது. கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் உண்டு. அம்மா வெட்டிவேர்த் தட்டி என்றாள், அவள் சின்ன வயதில் திருச்சி வீட்டில் தண்ணீர் தெளித்துத் தொங்கவிடுவார்களாம். கடலூர் வேர் என்று சொல்லித்தான் விற்றார்கள், இந்த மூன்றில் சேராத ஒரு சோதனையாக வாங்கிக் கட்டிப் பார்த்தேன். வாசனை அபாரம், குளிர்ச்சி அரைகுறை. தண்ணீர் ஆவியாகிப் போகும்போதுதான் குளிரும், சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிறது, அது எங்கே ஆவியாகும்? ஜன்னல் திண்டில் குட்டை கட்டினதுதான் மிச்சம். திருச்சி, மதுரை, கரூர்ப் பக்கக் காய்ந்த வெயிலுக்கு அது சரியான பொருள்.

கடைசியாக வந்தது மூங்கில் தட்டி. சதுர அடி 90 ரூபாய்க்கு, வெளிப்பக்கம் பச்சைத் துணி வைத்துத் தைத்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது மாடியில் வெளியே எப்படி மாட்டுவது என்று ஆறு மாதம் கிடப்பில் கிடந்தது, கட்டிடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கச் சாரம் கட்டினபோது பெயின்டர் அண்ணாவிடம் கேட்டு, சன்ஷேடின் விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டோம். சன்ஷேடு இரண்டடி நீளம், கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி, அதனால் இடிக்கவில்லை. கயிறை கிரில் வழியாக உள்ளே விட்டாயிற்று, படுத்தபடியே சுருட்டலாம். முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அறைக்குள் போனால், தட்டி இடுக்கு வழியாகக் கட்டில் மேல் கோடு கோடாக வெயில், சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். ஏசியை 24இல் வைத்தவர்கள் இப்போது 27இல் வைத்துப் போர்த்திக்கொள்கிறோம்.

குறை இல்லாமலா? அசோசியேஷன் செயலாளர் கட்டிட முகப்பு கெடுகிறது என்று முகம் சுளித்தார், கேட்காமல் மாட்டினது என் தப்பு, இனிமேல் எல்லோரும் அதே பச்சை நிறம்தான் போட வேண்டும் என்று பேசி முடித்தோம். சுருட்டி வைத்தால் புறா வந்து உட்காருகிறது. ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கிறது, மழை விட்ட நாளில் இறக்கிவிட்டுக் காயவைக்க வேண்டும். நைலான் கயிறு ஒரே வெயில்காலத்தில் இற்றுப்போனது, பருத்திக் கயிறு மாற்றினேன். புயல் என்றால் மேலே சுருட்டிக் கிரில்லோடு கட்டிவிட வேண்டும்.

கிழக்குப் பக்க ஹால் ஜன்னலுக்கு இதெல்லாம் எதுவும் தேவைப்படவில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று வருகிற வழி அது, மெல்லிசாக ஒரு துணி போதும். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்துத் தைத்து மாட்டியிருக்கிறேன், வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் கடை என்று கேட்பது அதைப் பார்த்து மட்டும்தான்.

கழற்றின ஜீப்ரா பிளைண்ட்ஸ் இரண்டும் பரணில் இருக்கின்றன. போன வாரம் பழைய பொருள் எடுக்கிறவரிடம் காட்டினேன். அலுமினியப் பெட்டியை மட்டும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வாராம், துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.